நன்றி, உங்கள் புகார் பதிவாகிவிட்டது

2015 ஜனவரியில் வால்வ் நிறுவனத்தின் பொதுப் பிழைப் பட்டியலில் ஒரு புகார் வந்து விழுந்தது. லினக்ஸ் கணினியில் அந்த நிறுவனத்தின் ஸ்டீம் விளையாட்டுச் செயலியை வைத்திருந்த ஒருவர், அதன் கோப்புறையை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுச் செயலியைத் திறந்திருக்கிறார். அவர் பெயரில் கணினியில் இருந்த கோப்புகள் அத்தனையும் காணாமல் போயின. நகல்கள் இருந்த வெளிவட்டும் அந்த நேரம் கணினியோடு இணைந்தே இருந்ததால், அதுவும் துடைத்தெடுக்கப்பட்டது. புகாரின் தலைப்பே முழுக் கதையையும் சொல்லிவிட்டது: நகர்த்தினேன், திறந்தேன், எனக்குச் சொந்தமான எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

ஸ்டீமைத் தொடக்கி வைப்பது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு கோப்பு. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், படித்தார்கள். ஸ்டீம் எங்கே இருக்கிறது என்ற முகவரியை ஒரு மாறியில் (நிரலில் ஒரு மதிப்பைத் தாங்கி நிற்கும் பெயர்) வைத்துக்கொண்டு, அதன் பின்னால் ஒரு சாய்கோட்டையும் நட்சத்திரக் குறியையும் ஒட்டி, அங்கே உள்ள யாவற்றையும் கேள்வி கேட்காமல் அழித்துவிடு என்று ஒரு வரி அதில் இருந்தது. கோப்புறை இடம் மாறியதால் அந்த மாறி காலியாகிவிட்டது. முகவரி காலியானால் மிச்சம் இருப்பது சாய்கோடும் நட்சத்திரமும். லினக்ஸில் அதற்கு அர்த்தம், வேரிலிருந்து எல்லாம். அந்த இடத்தில் நிரலை எழுதியவரே ஒற்றைச் சொல்லில் ஒரு குறிப்பும் விட்டு வைத்திருந்தார்: "பயங்கரம்!"

வால்வ் ஸ்கிரிப்டைத் திருத்தியது. ஆனால் திருத்தம் வருவதற்கு முன்பே, எந்த வரி, ஏன், எந்த நிலையில் என்பது வெளியில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பொதுவில் எழுதப்படும் பிழைப் புகார் நிறுவனத்துக்குப் போகும் கடிதம் போலத் தோன்றும். உண்மையில் அது சுவரில் ஒட்டிய அறிவிப்பு. பெறுநர் படிக்காவிட்டாலும் மற்றவர்கள் படிப்பார்கள். நிறுவனங்கள் இத்தகைய புகார்களுக்குக் காட்டும் விதவிதமான முகங்களுக்கு அடிப்படை இதுதான்: பதில் ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, கேட்டுக்கொண்டிருப்பவர்களோ ஆயிரம் பேர்.

நிறுவனம் என்று ஒருமையில் பேசுகிறோம். அதுவே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். புகாருக்குப் பதில் எழுதுவது நிறுவனம் அல்ல, ஒரு மேசை. பெரிய நிறுவனங்களில் ஒரு புகார் ஐந்தாறு மேசைகளைக் கடக்கிறது. முதலில் படிவம்: பதிப்பு எண் என்ன, இயங்குதளம் எது, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன. அடுத்து, வந்ததை வகை பிரிக்கும் ஆள். மருத்துவமனை அவசரப் பிரிவில் யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று பார்ப்பார்களே, அந்த வேலை. மென்பொருள்காரர்களும் அதே டிரையாஜ் என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர் பார்த்து உரிய குழுவுக்குத் தள்ளுவார். அங்கே ஒரு பொறியாளர், அவருக்கு மேல் எதை எந்த வெளியீட்டில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் மேலாளர், எங்கோ ஓர் ஓரத்தில் சட்டத் துறை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு அதிகாரம். வகை பிரிப்பவரால் மூட முடியும், திருத்த முடியாது. பொறியாளரால் திருத்த முடியும், எப்போது வெளிவரும் என்று வாக்குத் தர முடியாது. மேலாளரால் வாக்குத் தர முடியும். அவர் புகாரைப் படிப்பதே இல்லை.

நானும் இந்த வரிசையில் நின்றவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் எண்களை வரைபடமாக்கிக் காட்டும் ஒரு நிறுவனத்தின் கருவியில் ஒரு பிழை கண்டேன். கோடைக்காலக் கணக்குக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாடுகளில், அந்த ஒரு நாளுக்கு 23 மணி நேரம்தான். கருவிக்கு அது தெரியவில்லை. 24 கட்டங்கள் வரைந்து, இல்லாத மணி நேரத்தில் முந்தைய மணியின் எண்ணையே மறுபடி போட்டு நிரப்பியது. கூட்டுத்தொகை தவறாக வந்தது. வேறு எதுவும் தேவைப்படாமல் பிழையை மட்டும் காட்டும் 12 வரி நிரல் ஒன்றை எழுதி, புகாரோடு சேர்த்துப் போட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. "தங்கள் புகாருக்கு நன்றி. சமீபத்திய பதிப்பைப் பயன்படுத்துகிறீர்களா? உலாவியின் தற்காலிகச் சேமிப்பை அழித்துவிட்டு மீண்டும் முயன்று பாருங்கள்." என் நிரலுக்கு உலாவியே தேவையில்லை.

அப்போது எரிச்சல் வந்தது. இப்போது யோசித்தால் அந்த ஆள்மேல் கோபம் இல்லை. அவர் அன்றைக்கு எத்தனை புகார்களைத் திறந்தாரோ. வருகிற புகார்களில் பல பழைய பதிப்பில் எப்போதோ சரிசெய்யப்பட்டவை. இன்னும் பல புகார் கொடுப்பவரின் சொந்த நிரலில் உள்ள தவறு. தற்காலிகச் சேமிப்பை அழிக்கச் சொல்வது அவருக்கு ஒரு சல்லடை. மணலும் அரிசியும் சேர்ந்தே வரும் மூட்டையில் சல்லடை இல்லாமல் முடியாது. சல்லடையின் கண் எவ்வளவு பெரிது என்பதுதான் கேள்வி.

அடுத்த மேசையில் ஒரே ஒரு கேள்விதான்: எங்கள் கணினியில் இது நடக்கிறதா? மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியாத பிழையைத் திருத்துவது இருட்டில் ஊசியில் நூல் கோக்கிற வேலை. திருத்தியதாக நினைத்தாலும் திருந்தியதா என்று சரிபார்க்க வழி இல்லை. அதனால்தான் மொசில்லா திட்டத்துக்காக 1998இல் வெளிவந்த பக்ஸில்லா போன்ற புகார்ப் பட்டியல் கருவிகளில், புகாரை மூடும்போது தர வேண்டிய காரணங்களில் 'எனக்கு வேலை செய்கிறது' என்பது ஒன்றாகவே இடம்பெற்றது. 'திருத்தப்பட்டது', 'செல்லாது', 'ஏற்கெனவே உள்ளது', 'திருத்தமாட்டோம்' ஆகியவை மற்றவை. இந்தச் சொற்கள் வெறும் அலுவலக முத்திரைகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு பதில், சில நேரம் அது மட்டுமே பதில்.

இவற்றில் மிகவும் வெறுக்கப்படுவது 'திருத்தமாட்டோம்'. என்னைக் கேட்டால் இருப்பதிலேயே நேர்மையான முத்திரை அதுதான், பக்கத்தில் காரணம் எழுதியிருக்கும்வரை. எக்செல் கதை இதற்கு நல்ல உதாரணம். எக்செலில் 60 என்ற எண்ணைத் தேதியாக மாற்றினால் 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் உலகில் விடியவே இல்லை. நூறால் வகுபட்டு நானூறால் வகுபடாத 1900 லீப் ஆண்டு அல்ல. இந்தத் தவறு முதலில் லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருளில் இருந்தது. அதில் தயாரான தாள்கள் தங்களிடமும் பிசகாமல் திறக்க வேண்டும் என்பதற்காக மைக்ரோசாஃப்ட் அதே தவறைத் தெரிந்தே எடுத்துக்கொண்டது. இன்று திருத்தினால் என்ன ஆகும் என்று அந்த நிறுவனமே விளக்கம் எழுதி வைத்திருக்கிறது: உலகத்தில் உள்ள தாள்களில் கிட்டத்தட்ட எல்லாத் தேதிகளும் ஒரு நாள் நகர்ந்துவிடும். திருத்தாமல் விட்டால் 1900 மார்ச் 1-க்கு முந்தைய தேதிகளுக்குக் கிழமை மட்டும் தவறாக வரும். எத்தனை பேருக்கு அது தேவை? படித்து முடித்தால் யாருக்கும் சண்டை போடத் தோன்றாது. பிழை அப்படியே இருக்கிறது, மனக்குறை மட்டும் போய்விடுகிறது.

'ஏற்கெனவே உள்ளது' என்பது வேறு ரகம். ஒரே பிழையை இருபது பேர் எழுதினால் பத்தொன்பதை மூடி ஒன்றோடு இணைப்பது நியாயமான வேலை. மூலப் புகார் எல்லார் கண்ணிலும் படும்வரை அதில் குறையொன்றும் இல்லை. ஆப்பிளில் அது படாது. அங்கே உள்ளே புழங்கும் பட்டியலுக்கு ரேடார் என்று பெயர். வெளியிலிருந்து கொடுத்தவர் தான் எழுதியதை மட்டும் பார்க்கலாம். இன்னொருவருடைய புகாரோடு இணைத்துவிட்டால் அந்த மூலப் புகாரின் எண்ணும், அது திறந்திருக்கிறதா மூடிவிட்டதா என்பதும்தான் நெடுங்காலம் தெரிந்துவந்தது. உள்ளே என்ன பேசினார்கள், மாற்று வழி உண்டா, யாராவது வேலையைத் தொடங்கினார்களா என்பதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். இதைச் சகிக்காமல் டெவலப்பர்கள் 2008இல் ஓபன் ரேடார் என்று ஒரு பொதுப் பட்டியலைத் தாங்களே தொடங்கி, ஆப்பிளுக்குக் கொடுத்த புகாரின் நகலை அங்கும் போட்டு வைத்தார்கள். அதோடு, இணைப்பது தெரிந்தே மறுபடி மறுபடி புகார் கொடுப்பதும் வழக்கமாயிற்று. எண்ணிக்கை ஏறினால்தான் உள்ளே கவனிப்பார்கள் என்பது நம்பிக்கை. ஒரு பிழையைத் தெரிவிக்கும் வழி, ஓட்டுப் போடும் வழியாகத் திரிந்தது.

ஆப்பிளின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. புகாரோடு போகும், கணினி தன் செயல்களைக் குறித்து வைக்கும் பதிவுக் கோப்புகளில் பயனரின் சொந்தத் தகவல்கள் கலந்திருக்கும். அதை ஊரறியத் திறந்து வைக்க முடியாது. ஆனால் பதிவுக் கோப்பை மறைப்பதற்காகப் பிழையையே மறைத்துவிடத் தேவையில்லையே.

ஓட்டு என்று வந்துவிட்டதால் அதன் ஆபத்தையும் பார்த்துவிடலாம். 2018 அக்டோபர் 2 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய மேம்படுத்தலை வெளியிட்டது. சில நாட்களிலேயே விநியோகத்தை நிறுத்த நேர்ந்தது, சிலருடைய ஆவணங்களும் படங்களும் அழிந்துபோனதால். காரணம் விசித்திரமானது. ஆவணக் கோப்புறையை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டவர்களின் கணினியில், பழைய இடத்திலும் அதே பெயரில் ஒரு கோப்புறை தங்கியிருக்கும். அது வெற்றுக் கோப்புறை என்ற எண்ணத்தில் மேம்படுத்தல் அதைத் துப்புரவு செய்தது. சிலருக்கு அது வெற்று அல்ல, கோப்புகள் அங்கேதான் இருந்தன. இதில் கசப்பான பகுதி பின்னால் தெரிந்தது. சோதனைப் பதிப்பை ஓட்டிப் பார்த்த தன்னார்வலர்களில் சிலர் தங்கள் கோப்புகள் அழிந்ததை முன்பே எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தப் புகார்களுக்கு விழுந்த ஓட்டுகள் சொற்பம். பட்டியல் ஓட்டுகளின்படி வரிசை கட்டுவதால் அவை அடியில் கிடந்தன.

நிறைய பேருக்குக் கொஞ்சம் எரிச்சல் தரும் பிழை மேலே வரும். சிலருக்கு எல்லாவற்றையும் பறிக்கும் பிழை கீழே கிடக்கும். எண்ணிக்கையை மட்டும் எண்ணும் எந்த ஏற்பாட்டுக்கும் இந்தக் கோளாறு கூடப் பிறந்தது. மைக்ரோசாஃப்ட் அதன் பிறகு, பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்பதையும் குறிப்பிடும் வசதியைப் புகார்ச் செயலியில் சேர்த்தது. நவம்பர் 13 அன்று மேம்படுத்தலை மறுபடி வெளியிட்டது. கடுமையைக் குறிப்பிடும் வசதி முதலிலேயே ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றும். அப்படி ஒன்று கொடுத்தால் எல்லோரும் 'மிகக் கடுமை' என்றே குறிப்பார்கள் என்பது டிரையாஜ் மேசையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் சொல்லும் பதில். அதுவும் பொய் அல்ல.

கூகுளிடமும் இதே பாடம் உண்டு. ஆண்ட்ராய்டில் குறுஞ்செய்தி சிலருக்குத் தவறான ஆளுக்குப் போகிறது என்ற புகார் 2010இல் பொதுப் பட்டியலுக்கு வந்தது. மாதக்கணக்கில் அதன் முன்னுரிமை 'நடுத்தரம்' என்றே இருந்தது. ஆண்டு முடியும் தறுவாயில் செய்திகளில் அடிபட்ட பிறகுதான் 'மிக முக்கியம்' ஆயிற்று. பிழை அதே பிழைதான், மாறியது அதைப் பார்த்த கண்களின் எண்ணிக்கை.

சத்தம் போட்டால்தான் நடக்கும் என்ற எண்ணம் டெவலப்பர்களிடம் வேரூன்றியதற்கு இப்படிப்பட்ட அனுபவங்கள்தான் காரணம். அதன் மூலக்கதை மென்பொருளில் இல்லை, கணினிச் சில்லில் இருக்கிறது. தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் இரண்டு எண் இடைவெளியில் ஜோடியாக வரும் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, 1994இல் இன்டெலின் பென்டியம் சில்லு வகுத்தலில் தவறு செய்வதைக் கண்டார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 என வர வேண்டும், பென்டியத்தில் 1.33373 என வந்தது. வகுத்தலுக்காகச் சில்லுக்குள் பதித்திருந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் போனதே காரணம். இன்டெலிடம் கேட்டுப் பார்த்த நைஸ்லி, அக்டோபர் 30 அன்று தெரிந்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அது இணையத்தில் கைமாறிக் கைமாறிப் பரவியது.

இன்டெலுக்கு இந்தப் பிழை முன்பே தெரியும். அதன் முதல் பதில்: சாதாரணப் பயனருக்கு 27,000 ஆண்டுக்கு ஒரு முறைதான் இது நேரும், பாதிக்கப்படுவதாக நிரூபிப்பவர்களுக்கு மாற்றித் தருவோம். கணக்காகப் பார்த்தால் அந்தப் பதிலில் பெரிய தவறு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மனிதரிடம் பேசும் பேச்சாகப் பார்த்தால் அது படுதோல்வி. காசு கொடுத்து வாங்கியவனிடம், உனக்கு இது தேவை என்று நிரூபி என்றால் யார் கேட்பார்கள்? டிசம்பர் 12 அன்று ஐபிஎம் தன் பென்டியம் கணினிகளின் விற்பனையை நிறுத்தியது. 20ஆம் தேதி, கேட்பவர் எல்லோருக்கும் மாற்றித் தருவதாக இன்டெல் இறங்கி வந்தது. கணக்கில் எழுதிய இழப்பு 47.5 கோடி டாலர்.

2013இல் பாலஸ்தீன இளைஞர் ஒருவர், ஃபேஸ்புக்கில் நண்பர் அல்லாதவர் பக்கத்திலும் எழுத முடிகிறது என்று அதற்கான முறையான வழியிலேயே தெரிவித்தார். வந்த பதில்: இது பிழை அல்ல. அவர் நேராக மார்க் ஸுக்கர்பெர்க்கின் பக்கத்தில் போய் எழுதிக் காட்டினார். உடனே ஆட்கள் தொடர்பு கொண்டார்கள். விதியை மீறிவிட்டார் என்று, பிழை கண்டு சொல்பவர்களுக்குத் தரும் பரிசுத்தொகையும் மறுக்கப்பட்டது. முதலில் வந்த புகாரில் விவரம் போதவில்லை என்றது நிறுவனம். தாங்களும் அவசரப்பட்டுத் தட்டிக்கழித்ததாக ஒப்புக்கொண்டது. இரண்டு பக்கமும் உண்மை இருந்த வழக்கு அது.

2017 நவம்பர் 28 அன்று நடந்தது இன்னும் வேகம். மேக் கணினியின் ஹை சியரா பதிப்பில் பயனர் பெயர் 'ரூட்' (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) என்று கொடுத்து, கடவுச்சொல்லைக் காலியாக விட்டு, பொத்தானைச் சில முறை அழுத்தினால் உள்ளே போகலாம் என்று ஒருவர் ட்விட்டரில் ஆப்பிளையே அழைத்துக் கேட்டார். மறுநாளே திருத்தம் வந்தது. அவசரத் திருத்தம் சிலருடைய கோப்புப் பகிர்வைக் கெடுத்ததால் அதற்கு இன்னொரு வைத்தியமும் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குச் சுவையாகப் பட்டது வேறு. அதற்கு இரண்டு வாரம் முன்பே ஆப்பிளின் சொந்த டெவலப்பர் மன்றத்தில் இதே உத்தியை ஒருவர் எழுதியிருந்தார், பிழையாக அல்ல, நிர்வாகக் கணக்கு காணாமல்போனவருக்குத் தீர்வாக! நிறுவனத்தின் வீட்டுத் திண்ணையிலேயே தகவல் கிடந்தது. அந்தத் திண்ணை எந்த மேசைக்கும் உரியதாக இல்லை போலும்.

இதுவரை சொன்னதெல்லாம் என்ன நடக்கிறது என்று தெரிவிக்கும் புகார்கள். ஏன் நடக்கிறது என்றும் சேர்த்துச் சொல்லும் புகார் வந்தால் நிறுவனத்துக்கு வேறு வகைச் சங்கடம். 2021இல் சில மாத இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்தால் இது புரியும்.

முதலாவது, ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டு. 2013இலிருந்து ஓடுகிற விளையாட்டு. திறக்க அப்போது ஆறு நிமிடம் ஆனது, ஆட்டக்காரர்களுக்கு அது பழகிப்போன சாபம். மூல நிரல் கையில் இல்லாத ஒரு வெளியாள், ஓடிக்கொண்டிருக்கும் செயலியையே பிரித்துப் பார்த்தார். தொடங்கும்போது விற்பனைப் பொருட்களின் பட்டியல் ஒன்று படிக்கப்படுகிறது. 10 எம்பி அளவு, ஏறத்தாழ 63,000 பொருட்கள். படிக்கப் பயன்பட்ட கட்டளை, ஒவ்வொரு சிறு துண்டை எடுக்கும்போதும் மீதி உரை முழுவதன் நீளத்தையும் முதலிலிருந்து எண்ணியது. ஒரு புத்தகத்தில் அடுத்த சொல்லைப் படிப்பதற்கு முன், மிச்சம் எத்தனை எழுத்து இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கடைசிப் பக்கம்வரை எண்ணுவது போல. அது போதாதென்று, படித்த பொருள் முன்பே வந்ததா என்று அறிய அதுவரை சேர்ந்த பட்டியல் முழுவதையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டது. இரண்டையும் அவர் தானே ஒட்டுப்போட்டுச் சரிசெய்து பார்க்க, காத்திருக்கும் நேரம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. எழுதி வெளியிட்டார். விளையாட்டை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு, மார்ச் நடுவில் திருத்தத்தை வெளியிட்டு, அவருக்கு 10,000 டாலரும் கொடுத்தது. பாதுகாப்புப் பிழைகளுக்காக வைத்திருந்த பரிசுத் திட்டத்திலிருந்து, பாதுகாப்போடு சம்பந்தமே இல்லாத பிழைக்குக் கொடுத்த பணம் அது.

இரண்டாவது, அதே ஆண்டு ஜூனில். கட்டளைகளை எழுத்தாகத் தட்டச்சு செய்யும் விண்டோஸ் டெர்மினல் என்ற கருவியில் வண்ண எழுத்துகளை வேகமாகக் காட்டினால் திணறுகிறது என்று ஒரு மூத்த விளையாட்டு நிரலாளர் மைக்ரோசாஃப்டின் பொதுப் பட்டியலில் எழுதினார். அதை வேகமாக்குவது எளிய வேலைதான் என்றும் சேர்த்துச் சொன்னார். நீங்கள் எளிது என்று சொல்வது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குரிய வேலை என்ற பொருளில் குழுவிலிருந்து பதில் வந்தது. பேச்சு சூடேறியது. அவர் விலகிப் போய், சில நாட்களில் ஒரு மாதிரி டெர்மினலை எழுதி வெளியிட்டார். எழுத்து வடிவங்களை ஒரு முறை வரைந்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே எடுத்துப் போடும் முறை. பல மடங்கு வேகம். அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்டும் அதே போக்கில் ஒரு புதிய வரைவு இயந்திரத்தைச் சோதனை முறையில் டெர்மினலில் சேர்த்தது.

ராக்ஸ்டாரில் புகார் வந்த இடத்தில் எதிர்முனையில் யாரும் உடனே பேசவில்லை. அமைதியாகச் சரிபார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தார்கள். மைக்ரோசாஃப்டில் அந்த நிரலை எழுதிய குழுவே நேருக்கு நேர், எல்லோரும் பார்க்க, பதில் சொன்னது. பொறியாளரோடு நேரடியாகப் பேச முடிவதுதான் திறந்த பட்டியலின் பெரிய வரம் என்று நாம் கொண்டாடுகிறோம். ஆனால் தான் எழுதியதை இன்னொருவர் பொதுவில் 'இது எளிது' என்னும்போது சுருக்கென்று தைக்காத பொறியாளர் எத்தனை பேர்? அந்தச் சொல்லைத் தவிர்த்து வெறும் அளவீடுகளோடு நின்றிருந்தால் அந்த உரையாடலே வேறு மாதிரி போயிருக்கும் என்று நினைக்கிறேன். நினைப்புதான், நிரூபிக்க முடியாது.

கருவிகளை விற்பவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. 2016 ஜனவரியில் திறந்த மூலத் திட்டங்களை (நிரலை எவரும் படிக்கத் திறந்து வைத்தவை) நடத்துபவர்கள் பலர் சேர்ந்து, அத்திட்டங்கள் தங்கும் தளமான கிட்ஹப் நிறுவனத்துக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். தங்கள் திட்டங்களுக்கு வரும் புகார்களில் பதிப்பு எண்கூட இல்லை, 'எனக்கும்தான்' என்று சொல்ல வழி இல்லாமல் ஒவ்வொருவரும் 'பிளஸ் ஒன்' என்று பின்னூட்டம் போட்டு எல்லோருடைய அஞ்சல்பெட்டியையும் நிரப்புகிறார்கள், இதையெல்லாம் உங்களிடம் சொன்னால் பதிலே இல்லை என்பது சாரம். பிழைப் புகார் வாங்கும் கருவியைப் பற்றிய புகாருக்கே பதில் இல்லை என்பதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. பிப்ரவரியில் புகார்ப் படிவ வார்ப்புருக்கள் வந்தன, மார்ச்சில் கட்டைவிரல் உயர்த்தும் குறிகள் வந்தன. இப்போது நாள்தோறும் அழுத்துகிற அந்தக் கட்டைவிரல் ஒரு கடிதத்தின் பயன்.

கூட்டம் பெருகியதன் இன்னொரு விளைவு, தானாகவே புகாரை மூடும் பாட் என்னும் தானியங்கி நிரல். 60 நாள் யாரும் எதுவும் எழுதாவிட்டால் 'தேங்கிவிட்டது' என்று அட்டை ஒட்டும். இன்னும் 7 நாள் பொறுத்து மூடிவிடும். பரவலாகப் புழங்கும் பாட்களில் இவையே தொடக்க அளவுகள். தேங்கியது புகாரா, பதிலா என்று அது கேட்பதில்லை. நிறுவனத்திலிருந்து யாரும் பதில் எழுதாததாலேயே அமைதியாகக் கிடக்கும் புகாரை, அமைதியாகக் கிடக்கிறது என்ற காரணத்துக்காக மூடுவது எனக்கு எந்தக் காலத்திலும் ஒப்பவில்லை. பட்டியலில் திறந்த புகார்களின் எண்ணிக்கை அழகாகக் குறையும், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர், மூடாமலே வைத்திருப்பது. வெளித் திறவுகோல் (ஓர் அட்டவணையை இன்னொன்றோடு பிணைக்கும் விதி) வழியாக ஒரு வரிசை மாறினாலோ அழிந்தாலோ, மாற்றம் நேரும்போது தானாக ஓட வேண்டிய டிரிக்கர் இயங்குவதில்லை என்று மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 2005இல் பதிவான புகார் ஒன்று உண்டு. பல ஆண்டுகள் திறந்தே கிடந்ததால், டெவலப்பர்கள் அதன் பின்னூட்டத்தில் பிறந்தநாள் வாழ்த்து சொல்வது ஒரு சடங்காகிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் சுட்டியை வைத்தால் வரும் குறிப்புப் பெட்டி, வேறு செயலிக்குப் போன பிறகும் மறையாமல் மேலேயே நிற்கும் பிழை 2002இல் பதிவாகி 2023இல்தான் சரியானது. கேலி செய்யலாம். ஆனால் அந்த இருபத்தொரு ஆண்டும் புகார் மூடப்படாமல், காணாமல் போகாமல், யாராவது கையில் எடுக்கட்டும் என்று அங்கேயே இருந்தது.

பாதித் தூரம் பின்வாங்கும் பதில்களும் உண்டு. 2018இல் குரோம் உலாவியின் 66ஆம் பதிப்பு, தானாக ஒலிக்கும் வீடியோக்களை அடக்கப் போய், இணைய விளையாட்டுகள் பலவற்றை ஊமையாக்கியது. அவற்றில் பல, எழுதியவரே கைவிட்டுவிட்ட பழைய படைப்புகள். திருத்தி எழுத ஆளில்லை. எதிர்ப்புக் கிளம்பியதும் கூகுள் மே மாதம் அந்த விதியை ஒலி நிரல்களுக்கு மட்டும் தற்காலிகமாகத் தளர்த்தி, டெவலப்பர்களுக்குச் சில மாத அவகாசம் கொடுத்தது. முடிவை மாற்றவில்லை, தேதியை மட்டும் மாற்றியது.

என் 23 மணி நேரப் புகார் என்ன ஆயிற்று என்றால், அதையும் ஒரு பாட் மூடியது. நான் மறுபடி திறக்கவில்லை, அலுத்துவிட்டது. எட்டு மாதம் கழித்து, கடிகாரத்தைப் பின்னே தள்ளும் நாளில், வேறு யாரோ எதிர்த்திசையில் அதே பிழையில் மாட்டிக்கொண்டார். அந்த நாளுக்கு 25 மணி நேரம்; அவருடைய வரைபடத்தில் ஒரு மணி நேரம் தொலைந்துபோயிருந்தது. தேடிப் பார்த்து, மூடிய என் புகாரைக் கண்டுபிடித்து, தன் புகாரில் அதைச் சுட்டினார். இந்த முறை அது நேராக ஒரு பொறியாளர் கண்ணில் பட்டது. எப்படி என்று தெரியாது. அன்றைக்கு யார் முறையோ. அவர் இரண்டு புகார்களையும் திறந்து, இரண்டிலும் ஒரே பதிலை எழுதினார். மன்னிப்பு இல்லை, மதிப்புமிக்க வாடிக்கையாளரே என்ற விளிப்பும் இல்லை.

"நாளுக்கு 24 மணி என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறோம். இரண்டைத் திருத்திவிட்டேன், மூன்றாவது அடுத்த பதிப்பில்தான் முடியும். அதுவரை மணிவாரியாகப் பிரிக்கும் முன் நேரத்தை உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் புகாரில் இருந்த 12 வரியை எங்கள் சோதனைத் தொகுப்பில் சேர்த்திருக்கிறேன்."